கத்திப் பாருங்க!

"மேல வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

போனில் மனைவியின் குரல். மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்த கணவர், மாடிப்படியில் தூக்கி வைத்த காலை அப்படியே இறக்கினார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஜன்னல் மாத்துற வேலை நடக்குதுல்ல? சத்தம் உள்ள வருதான்னு பாக்கணும். போனை வெச்சுட்டு, ரோட்டுல நின்னு நல்லாக் கத்துங்க."

சிக்னலை ஒட்டிய வீடு அது. பச்சை விளக்கு விழும் முன்பே ஆளாளுக்கு ஹாரன் அடித்து உயிரை வாங்குவார்கள். இத்தனை வருஷமும் அதைச் சகித்துக்கொண்டவள், இப்போது அவசர அவசரமாக ஜன்னல் மாற்றக் காரணம் இருந்தது. பதவி உயர்வோடு அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். 'தனியா இருக்கப் போறீங்க, தூக்கமாவது ஒழுங்கா வரட்டும்' என்று ஜன்னல்காரரை வரவழைத்துவிட்டாள்.

"நான் போகட்டுமா?" என்று அவள் கேட்ட அன்று அவர் சொன்ன பதில், "உன் இஷ்டம்." கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் அதே பதில்தான். அவள் போனில் அவர் பெயரே 'உன் இஷ்டம்' என்றுதான் இருக்கிறது.

ஆனால் மனிதருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கூடவே போய்விட வேண்டும் என்று கொள்ளை ஆசை. பெண்டாட்டி பின்னாலேயே வேலையை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஊர் சிரிக்கட்டும், பரவாயில்லை. அவளே சிரித்துவிட்டால்?

அண்ணாந்து பார்த்தார். முதல் மாடியில் புத்தம் புது வெள்ளைச் சட்டம். ஜன்னல் கதவு இரண்டும் கச்சிதமாகச் சாத்தியிருந்தன. உள்ளே அவள் நிற்பது பளிச்சென்று தெரிந்தது. நன்றாகத்தான் துடைத்து வைத்திருக்கிறான் என்று ஜன்னல்காரரை மெச்சிக்கொண்டார்.

"ஹலோ!" என்றார், பூனைக்குட்டி மாதிரி.

போன் அடித்தது. "கத்தினீங்களா இல்லையா?"

"கத்தினேனே!"

"வாய் அசைஞ்சுது. சத்தம் வரல. இன்னும் பலமா!"

அவருக்குக் குறும்பு தலைதூக்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உன் தம்பி ஒரு வெட்டிப்பய!" என்று கத்தினார்.

மேலே அவள் காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினாள்.

"நீ போடுற காபி, கழனித் தண்ணி!"

அதற்கும் அதே தலையாட்டல். பக்கத்தில் பழம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், வருஷக்கணக்கில் கட்டிப்போட்டிருந்த நாக்கு அவிழ்ந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்.

"என்னையும் கூட்டிட்டுப் போ! மருந்துக் கடை எந்த ஊர்லதான் இல்ல? நீ இல்லாம இந்த வீட்டுல எனக்கு ஒரு பொழுதும் ஓடாது!"

சிக்னலில் நின்ற பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் அவளைக் காணோம்.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது. "கடைசியா என்ன சொன்னீங்க?" குரல் கம்மியிருந்தது.

"அது... மழை வருமான்னு கேட்டேன்."

"ஒண்ணும் கேக்கல. சரி, மேல வாங்க."

தப்பித்தோம் என்றும் இருந்தது, ஐயோ கேட்காமல் போய்விட்டதே என்றும் இருந்தது. சுரத்தில்லாமல் படியேறினார்.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் அவளுடைய பெட்டிக்குப் பக்கத்தில், பரண்மேல் கிடந்த பழைய பெட்டியும் வாயைப் பிளந்திருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதில் அவருடைய சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூலையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஜன்னல்காரர் நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்:

"சார், இன்னிக்குச் சட்டம் மட்டும்தான் மாட்டியிருக்கு. அதான் நீங்களும் அக்கா கூடவே கிளம்புறீங்களே, நாளைக்குக் கண்ணாடி கொண்டு வரவா, வேணாமா?"