அங்காளம்மா போட்ட வலை

எல்லாரும் சௌக்கியமா? மூட்டு வலியெல்லாம் தேவலையா? தொண்ணூத்தி மூணுல ஈஞ்சம்பாக்கத்துல நடந்ததைக் கேளுங்க.

கடல் நீச்சல் போட்டிக்கு மொத நாள், அதை நடத்துற தாம்பரம் நீச்சல் கிளப்பு ஆனந்தன் மீனவர் குப்பத்துக்கு வந்து கறாரா சொன்னாரு. "நாளைக்குக் காலைல கடல்ல ஒரு படகு, ஒரு வலை இருக்கக் கூடாது. என் பொண்ணும் நீந்துறா."

"எங்க கடல்ல வலை போட உன்னைக் கேக்கணுமா சார்? போடத்தான் போறேன், முடிஞ்சா தடு"ன்னா மீன் விக்கிற அங்காளம்மா.

மறுநாள் போட்டி ஆரம்பிச்சப்புறம் பாத்தா, நீந்துற பாதைக்கு வெளிப்பக்கம் நீளத்துக்கும் வலைக்குக் கட்டுற மிதவை ஆடுது. பொண்ணு வலையில சிக்கிடுவாளேன்னு ஆனந்தன் தண்ணி ஓரத்துக்கு ஓடினாரு.

அப்போ பிக்னிக் கும்பலை ஏத்திக்கிட்டு ஒரு மோட்டார் படகு நீந்துற புள்ளைங்களைப் பாத்து சீறிக்கிட்டு வந்துச்சு. மிதவையைக் கண்டதும், இன்ஜின் விசிறியில வலை சுத்திக்கும்னு பயந்து திரும்பிப் போயிடுச்சு.

ஆனந்தனுக்குப் போன உசுரு வந்துச்சு. ஆனாலும் போட்டி முடிஞ்சதும், "புள்ளைங்க மாட்டியிருந்தா?"ன்னு எகிறினாரு.

அங்காளம்மா கயித்தைக் கரைக்கு இழுத்துப் போட்டா. மிதவை மட்டுந்தான் இருந்துச்சு. கீழே வலையே இல்ல.

"கால் மாட்டிக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்கள நிறுத்த ஓடியாந்தியே சார், வாராவாரம் இந்தப் பக்கம் வர்ற அந்த மோட்டார் படகுக்காரன்கிட்ட இன்னா சொன்ன?"

கூடாதுன்னு சொன்னதை நீங்களும் இப்படிச் செஞ்சு காட்டியிருந்தா, எனக்கு ஒரு கடுதாசி போடுங்க.