நோயாளியின் மனைவி

"டாக்டரம்மா, கம்பெனியிலேருந்து வந்ததுலேருந்து இவருக்கு நெஞ்சு எரியுதாம். வேர்த்து ஊத்துது!" என்று மரியம்மாள் கதறினாள்.

கட்டிலில் கிடந்தது பொம்மை. அவசர சிகிச்சை மருத்துவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஒரு தொண்டு வாரியம் 2007-இல் புனேயில் நடத்திய தேர்வு அது. நோயாளியின் மனைவியாக நடிக்க மரியம்மாள் வந்திருந்தாள்.

"என்ன சாப்பிட்டார்?" என்று தேர்வுக்கு வந்த டாக்டர் ஸ்நேஹா கேட்டாள்.

"ரெண்டு வடாபாவ்."

"அப்ப வாயுதான், கேஸ் ட்ரபிள். மாத்திரை தரேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

தேர்வாளர் விஸ்வேஸ்வரன் பேனாவை மேஜையில் அடித்தார். "ஈசிஜி எடுக்காம அனுப்புவியா? இது ஹார்ட் அட்டாக்! உன்னையெல்லாம் யாரு டாக்டராக்கினது? ஃபெயில்!"

"சார், இது எனக்குக் கடைசி வாய்ப்பு. பதட்டத்துல..."

"பதட்டப்படறவங்களுக்கு கேஷுவாலிட்டியில வேலை இல்ல. போ."

ஸ்நேஹா அழுதுகொண்டே வெளியேறினாள். விஸ்வேஸ்வரன் மரியம்மாள் பக்கம் திரும்பினார்.

"நிஜமா அழற மாதிரியே இருந்ததும்மா. எங்க கத்துக்கிட்டீங்க?"

"உங்ககிட்டதான் சார்."

"என்கிட்டயா?"

"தொண்ணூத்தேழுல இங்க பக்கத்துல ஆகுர்டியில ஒரு ஆஸ்பத்திரியில இருந்தீங்க. எங்க வீட்டுக்காரரைப் பார்த்து நீங்களும் கேஸ்னுதான் சொன்னீங்க. வீடு போய்ச் சேரல சார். ரிக்‌ஷாவுலயே உயிர் போயிடுச்சு."

விஸ்வேஸ்வரன் ஸ்நேஹாவின் மதிப்பெண் தாளை எடுத்தார். எதையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். பிறகு வாசலில் நின்ற ஊழியரைக் கூப்பிட்டார்.

"அடுத்த டாக்டரை வரச் சொல்லுங்க. மனைவியா நடிக்க வேற ஆளை அனுப்புங்க."