முப்பத்தொரு பேருக்கு ஒரு பெர்மிட்

“வீடா, வணிகக் கட்டடமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க மாஸ்டர். ரெண்டுக்கும் வேற வேற படிவம்.”

அதிகாரி பென்ட்சில் கேட்டாரே தவிர, தலையை நிமிர்த்தவில்லை. மின்பணி பெர்மிட் மேசைக்கு அவர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்த நாற்காலி அவருடைய பாட்டன் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

எதிரே எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் கோவ் எசுமன் வேர்த்து வடிய நின்றிருந்தார். வினேபா சாலைக் கட்டடத்தில் காலையில் மெயின் கேபிள் எரிந்து போய்விட்டது. புதுக் கேபிள் இழுக்க பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் கை வைத்தால் லைசென்ஸ் பறிபோகும்.

“அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல பாஸ். மேடம் அராபாவோட இடம். சீக்கிரம் முத்திரை போடுங்க. மத்தியானத்துக்குள்ள குளிர் திரும்பலேன்னா என் பொழப்பே போச்சு. ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுது. ஏன்னா அங்க இருக்கறவங்க...”

“கேட்டதுக்கு மட்டும் பதில்! கதை சொல்றதுக்கு இந்தப் படிவத்துல கட்டமே இல்ல.” பென்ட்சில் பேனா மூடியைக் கழற்றினார். “ராத்திரி அங்க யாராவது தங்குறாங்களா?”

“முப்பத்தொரு பேர்.”

“அடேங்கப்பா! அப்ப வீடு.” எழுதப் போனவர் நிறுத்தினார். “வாடகை உண்டா?”

“உண்டு. நாள் கணக்கு. சொந்தக்காரங்க வந்து கட்டுவாங்க.”

“அப்ப வணிகம்.” அவர் பச்சைப் படிவத்தைத் தள்ளிவிட்டு மஞ்சளை எடுத்தார். “எத்தனை அறை?”

“ரெண்டு. ஆம்பளைங்களுக்கு ஒண்ணு, பொம்பளைங்களுக்கு ஒண்ணு.”

“முப்பத்தொரு பேருக்கு ரெண்டே அறையா? நெரிசல்னு யாரும் சண்டைக்கு வரலையா?”

“இதுவரைக்கும் ஒருத்தர்கூட வாயைத் திறந்ததில்ல பாஸ்.”

“பயமுறுத்தி வெச்சிருக்கா அந்தம்மா!” பென்ட்சில் படிவத்தின் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார். “சமையல் அடுப்பு?”

“இல்ல.”

“வாட்டர் ஹீட்டர்?”

“கிடையாது. அவங்களுக்குச் சூடே ஆகாது. ஏ.சி. மட்டும் நிக்காம ஓடணும்.”

“ரொம்பத்தான் சொகுசு! என் வீட்டுல ஒரு ஃபேனுக்கே மூச்சு வாங்குது. கழிப்பறையில விளக்கு?”

“கழிப்பறையே இல்ல பாஸ்.”

பேனா நின்றது. பக்கத்து மேசையில் கென்கே என்னும் சோள உருண்டையை மிளகாய்ச் சாந்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த தட்டச்சுக்கார அம்மாவின் கையும் பாதி வழியில் நின்றது.

“முப்பத்தொரு பேருக்குக் கழிப்பறை இல்லையா?”

“யாரும் கேக்கல.”

“அநியாயம்!” என்றாள் தட்டச்சுக்கார அம்மா. “எங்க அத்தை பையன் ஹாஸ்டல்லகூட ரெண்டு இருக்கு.”

“பாஸ், கொஞ்சம் கேளுங்க. அது ஹாஸ்டல் இல்ல...”

“படிவத்துல நாலாம் பக்கம் முடியட்டும்!” பென்ட்சில் மேசையைத் தட்டினார். நாலாம் பக்கத்தை முடிக்காமல் அவரிடம் ஆண்டவனே வந்தாலும் காரியம் ஆகாது. “கடைசிக் கேள்வி. முக்கியமான கேள்வி. வயர்ல தீப்பிடிச்சா எல்லாரும் மூணு நிமிஷத்துல வெளிய வந்துடுவாங்களா?”

“வர மாட்டாங்க.”

“மணி அடிச்சா?”

“அடிச்சாலும் அசைய மாட்டாங்க.”

“பயிற்சி குடுத்துப் பாத்தீங்களா?”

“பிரயோஜனப்படாது பாஸ்.”

“மனுஷங்களா அவங்க?” பென்ட்சிலுக்கு முகம் சிவந்துவிட்டது. “இப்படி ஒரு சோம்பேறிக் கூட்டத்துக்கு, கழிப்பறை இல்லாத கட்டடத்துல, நான் பெர்மிட் குடுத்து நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். மாட்டேன்!”

பெர்மிட் படிவத்தின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டார். இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புத் தாளை எடுத்து மளமளவென்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“இந்தாங்க, உத்தரவு. சாயங்காலத்துக்குள்ள முப்பத்தொரு பேரையும் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிடணும். ஒரு ஆள் அங்க இருந்தாலும் உங்க லைசென்ஸ் காலி.”

எசுமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நேரம் பூனை மாதிரி நின்றவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

“பாஸ், நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“முத்திரை குத்தியாச்சு. என் முத்திரையை நானே மாத்த மாட்டேன்.”

“சரி. உங்க உத்தரவு, உங்க இஷ்டம்.” எசுமன் சிவப்புத் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அப்ப சாயங்காலம் உங்க வீட்டுல யாராவது இருக்கச் சொல்லுங்க.”

“என் வீட்டுல எதுக்கு?”

“முதல் ஆளை அங்கதான் இறக்கணும் பாஸ். போன மாசம் செத்துப்போன உங்க மாமனாரை, சனிக்கிழமை அடக்கம் வரைக்கும் கெடாம வெச்சிருங்கன்னு, உங்க வீட்டம்மா மேடம் அராபாவோட பிணவறையிலதானே விட்டுட்டு வந்திருக்காங்க!”