பத்தடி நடை

நடைச் சோதனையில் செல்லையாவின் முறை வந்ததும் மகள் ஜெபக்கனி அவர் காதோடு, "யப்பா, தரையப் பாக்காத. எதிர்ச் சுவரப் பாத்து நட," என்றாள்.

நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள் அவள். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்க இப்போதெல்லாம் அது மட்டும் போதாது. பெற்றவர்களின் நடையைப் படம்பிடித்து, பிள்ளையின் முழங்கால் எத்தனை வருஷம் தாங்கும் என்று இயந்திரம் சொல்லிவிடுகிறது. தாயில்லாத வீடு, நடக்க வேண்டியவர் செல்லையா ஒருவர்தான்.

அவருடைய வலது முழங்கால் பரம்பரையாகக் கெட்டதல்ல. இருபது வருஷம் லாரியில் உப்பு மூட்டை ஏற்றிக் கெட்டது. அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. அதனால் ஒரு மாதமாக, தன் ஓட்டப் பயிற்சி முடிந்ததும் ஜெபக்கனி அதே மைதானத்தில் அப்பாவை நடக்கவிட்டுப் பழக்கினாள்.

செல்லையா பல்லைக் கடித்துக்கொண்டு பத்தடி நடந்தார். நொண்டவில்லை. இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"இடம் உறுதி," என்றார் தேர்வு அலுவலர். "படிப்பு முடியிற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருதடவை நீங்க வந்து நடந்து காட்டணும். நடை மாறினா இடம் போயிடும்."

"வந்துருதேன் சார்."

வெளியே வந்ததும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஜெபக்கனி பையிலிருந்து தன் முழங்கால் பட்டையை எடுத்து, மண்டியிட்டு, அவர் காலில் மாட்டினாள்.

"ஓடப்போறவ நீ. ஒனக்கு வேணும்லா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓங் காலுக்குல்லா எடம் குடுத்திருக்காவ, யப்பா."