தளம் போட்ட நாள் விருந்து

"இன்னாமா இது, ஊருக்கே சமைச்சிக்கினு கீறீங்க?"

டேனியல் கேட்டதற்கு மணியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விறகடுப்பில் பிரியாணி அண்டா. பக்கத்தில் ஒரு குண்டான் நிறையக் கத்திரிக்காய்த் தொக்கு, எண்ணெய் மினுமினுக்க, காரசாரமாக. தரையில் வாழை இலைக் கட்டு.

"ஊருக்கு இல்லப்பா, நாப்பது பேருக்கு. தளம் போடுற நாளாச்சே! நீயும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

டேனியலுக்குச் சுருக்கென்றது.

அவன் ரெடிமிக்ஸ் கம்பெனியில் பம்ப் வண்டிக்கு சூப்பர்வைசர். லாரியில் கலவை வரும். வண்டி தன் நீளக் கையை நீட்டி அதை அப்படியே மாடியில் கொட்டும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட நாற்பது பேராவது சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவார்கள். மதியம் வீட்டுக்காரர் செலவில் அத்தனை பேருக்கும் பிரியாணி. இப்போது டேனியலும் இன்னும் நாலு பேரும்தான். டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது.

பாவம், இந்த அம்மாவுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டுத் தனி மனுஷியாகத் திருப்பருத்திக்குன்றத்தில் வீடு கட்டுகிறாள். புக்கிங் எல்லாம் ஆபீசில் நடக்கிற காரியம். டேனியலுக்கு வருவது விலாசம் மட்டும்தான்.

அவன் மேஸ்திரி ராமராஜனைத் தேடிப் பிடித்தான்.

"ஏன்ணே, அந்தம்மா நாப்பது பேருக்கு சமைக்கிறாங்க. உங்க ஆளுங்களையும் சேத்தா மொத்தமே நாம எட்டு பேரு. சொல்லக் கூடாதா?"

"நான் இன்னாத்தப்பா சொல்றது? ஆள் எங்க கெடைக்குது? வயசுப் பசங்க எல்லாம் காலைல பேக்டரி வேன்ல ஏறிப் போயிடுதுங்க. வேணும்னா நீயே சொல்லிக்கோ" என்று மேஸ்திரி நழுவினார். நழுவுவதில் மேஸ்திரிகளை யாரும் மிஞ்ச முடியாது.

டேனியல் மறுபடி அடுப்படிக்குப் போனான். மனசு வலிக்கக் கூடாதே என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"அம்மா... இப்பல்லாம் மெஷினே மேல கொட்டிடும். சட்டி தூக்க ஆளே வர மாட்டாங்கம்மா."

"தெரியுதுப்பா. கண்ணு நல்லாத்தான் இருக்குது எனக்கு."

"அப்ப இவ்ளோ சோறு?"

"தளம் போட்ட ஆளுங்க பசியோட போவக் கூடாதுப்பா. நீ போய் வேலையப் பாரு."

 விடியலிலிருந்து புகையில் நின்று சிவந்த கண்கள். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை உடைக்கிறவன் மனிதனே இல்லை என்று தோன்றியது.

லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன, கொட்டின, போயின. மதியத்துக்கு முன்பே தளம் முடிந்துவிட்டது. வண்டியின் கையை மடக்கும்போது டேனியலுக்கு முதல் முறையாகத் தன் மெஷின்மேலேயே எரிச்சல் வந்தது. கீழே, காலி மனையில், மணியம்மாள் பாய்களை விரித்து நீளமாக இலை போட்டுக்கொண்டிருந்தாள். ஆளில்லாத பந்தி. 

ஊருக்குள் ஏதாவது ஒரு ஹாஸ்டலுக்காவது சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தான். அப்போதுதான் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு.

பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் ஐம்பது, அறுபது வயதுக்காரிகள். நல்ல புடவை, தலையில் பூ. அப்பாடா, சொந்தக்காரர்கள்! டேனியலுக்கு உயிர் வந்தது.

ஆனால் வந்தவர்கள் பந்திப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் நின்று அண்ணாந்து தளத்தைப் பார்த்தார்கள்.

"தம்பி, மூலைல கலவைய நல்லா குத்தி உட்டீங்களா? இல்லன்னா மழைக்கு ஒழுவும்" என்றாள் முன்னால் நின்ற ஒரு அம்மாள்.

"உட்டாச்சும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கொல்லென்று ஒரு சிரிப்பு. மணியம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"செல்லியம்மாளுக்குத் தெரியாமயா? ஊர்ல பாதித் தளம் இதுங்க தலைமேல ஏறிப் போனதுதான். இட்லிக் கடை போடுற வரைக்கும் நானும் இதே செட்டுல சித்தாளுதாம்பா."

டேனியலின் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, வேலைக்குக் கூப்ட்டிருந்தீங்களா? என் மெஷின் வந்து இவங்க வேலைய கெடுத்துடுச்சாம்மா?"

"போப்பா, பைத்தியக்காரா!" மணியம்மாள் செல்லியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்து, அவற்றின்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். "அப்பவும் பிரியாணி போடுவாங்க. ஆனா சிமெண்டு தின்ன கை, உள்ளங்கையெல்லாம் புண்ணு. தொக்குல வெரல வெச்சா உயிர் போவும். தொக்க கண்ணால பாத்துக்கினு வெறும் சோத்த முழுங்கிட்டு எழுந்துடுவோம். இன்னிக்கி என் வீட்டுப் பந்தியில எவ கையும் எரியக் கூடாதுன்னுதான், நானே உங்க ஆபீசுக்குப் போன் போட்டு உன் மெஷின வரச் சொன்னேன்."