பட்டியலில் இல்லாத கடை

“அந்த முள்கரண்டி மட்டும் என் கையில கிடைக்கட்டும். மாவுல முக்கி, கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுத்துடறேன்,” என்றார் லென் டம்பிராவ்ஸ்கி, பத்திரிகையை மேஜைமேல் வீசியபடி.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் முள்கரண்டி என்ற பெயரைத் தெரியாதவர் இல்லை. எங்கே போய்ச் சாப்பிடலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை இருபத்தைந்து கடைகளைப் பட்டியல் போட்டு ஊர்ப் பத்திரிகையில் எழுதுகிற ஆளின் புனைபெயர் அது. முகத்தை யாரும் பார்த்ததில்லை. முறுக்கு மீசையும் பெருத்த வயிறுமாக ஓர் ஆளை லென் தாமாகவே கற்பனை செய்து வைத்திருந்தார். திட்டுவதற்கு ஓர் உருவம் வேண்டுமல்லவா.

பன்னிரண்டு வருடமாகப் பட்டியல் வருகிறது. ஒன்றில்கூட, இன்றைக்கு வந்ததில்கூட, லென்னின் கடை இல்லை. ஊரின் தெற்குப் பக்கத்தில், பத்தே மேஜை போட்ட கடை. வெள்ளிக்கிழமையானால் ஏரி மீன் வறுவல், உருளைக்கிழங்கு அடை, கோஸ் பச்சடி. மீனை லென் பொரிப்பார், அடையை மனைவி பெர்னிஸ் வார்ப்பாள். சாப்பிட்டவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை. சாப்பிட வருகிறவர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள்.

ஜன்னலோரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவர் உண்மையிலேயே டீச்சர்தானா என்பது யாருக்கும் தெரியாது. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததால் லென் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், அந்தம்மாளும் மறுக்கவில்லை. பல வருடமாக வெள்ளி தவறாமல் தனியாக வருவார். கார்டு நீட்டும் வழக்கமில்லை; ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

முள்கரண்டியைத் திட்டுவதில் டீச்சரும் சளைத்தவரில்லை. அந்த ஆளுக்கு நாக்கு மரத்துப் பல காலமாகிறது என்றார். அவன் புகழ்ந்த கடைகளின் கதியைப் பாருங்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விளக்கினார். மறு வாரமே வாசலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் வரிசை. மாதம் திரும்புவதற்குள் சமையல்காரனுக்குக் கை ஓய்ந்து மீன் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. அப்புறம் மனிதன் அங்கே நுழைய முடிகிறதா?

மற்ற நாளாக இருந்தால் இதைக் கேட்டு லென்னுக்கு வயிறு குளிர்ந்திருக்கும். இன்றைக்கு அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைபேசி விற்கிற கம்பெனிக்காரர்கள் கடையைக் கேட்கிறார்கள், இந்த வருடமும் பேர் வராவிட்டால் கொடுத்துவிடுவதென்று முடிவு பண்ணியிருந்தேன், திங்கட்கிழமை கையெழுத்து என்று சொல்லி முடித்தார்.

“உங்களுக்கு இதுதான் இங்க கடைசி மீன், டீச்சர். இன்னொரு துண்டு பொரிச்சுக் கொண்டுவரட்டுமா?” என்று கேட்டார்.

டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. பெர்னிஸுக்கு இதில் சம்மதமா என்று கேட்டார். காப்பி ஊற்ற வந்த பெர்னிஸ், கூட்டம் குறைந்ததை எப்படியாவது சமாளித்துவிடலாம், இந்த மனிதரின் மனசைத்தான் சமாளிக்க முடியவில்லை என்றாள்.

“ஊர்ல தெருமுக்குக் கடைக்கெல்லாம் பேர் வந்தாச்சு. எங்கப்பா ஆரம்பிச்ச கடைக்கு வரல,” என்றார் லென். “நான் பொரிக்கறதே சரியில்லையோன்னு இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு.”

ஒரே ஒரு தடவை பேர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, சாகிறவரைக்கும் இதே அடுப்படியில் நிற்பேன், கைபேசிக்காரன் காலில் விழுந்தாலும் சாவியைத் தர மாட்டேன் என்றார் லென்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் தட்டிலிருந்த கடைசித் துண்டை மென்று விழுங்கினார். காலியாகக் கிடந்த மேஜைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், யாரையோ ரயிலேற்றிவிட வந்தவர் மாதிரி. பிறகு பெருமூச்சு விட்டார்.

“கையெழுத்துப் போடாதீங்க, லென். அடுத்த வெள்ளிக்கிழமை பேப்பரைப் பாருங்க. உங்க கடைக்குன்னே தனியா ஒரு பக்கம் வரும்.”

பாவம், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று லென் சிரித்துக்கொண்டார். பெர்னிஸ் சிரிக்கவில்லை. காப்பி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு டீச்சரையே உற்றுப் பார்த்தாள்.

“பன்னிரண்டு வருஷமா எழுதாதவன் அடுத்த வாரம் எழுதிடுவானாக்கும்,” என்றார் லென்.

டீச்சர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

“முன்னாடியே நான் எழுதியிருந்தா, அப்புறம் நிம்மதியா எங்க போய்ச் சாப்பிடறது, லென்?”