கோல் கம்பத்துக்குப் பின்னால்

“அன்று நான் கோல் கம்பத்துக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.”

இந்த ஒரு வரி போதும் என்றார் காதர். நாளிதழின் ஞாயிறு பதிப்பைக் கவனிப்பவர் அவர்.

“நாலு வாரமா லெட்டர் மேல லெட்டர். கிராணி வேலை பாக்கிறவருக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும், எங்க நின்னு பாத்தாருன்னு ஒருத்தன். பந்து உருண்டையா சதுரமான்னு அவரக் கேளுங்கன்னு செலாயாங்கிலேருந்து இன்னொருத்தன். நேர்ல பாத்தேன்னு எழுதுங்க தியாகு. வாய மூடிடுவானுங்க.”

தியாகராஜன் ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. காற்பந்துச் செய்திகளைச் சம்பளமில்லாமல், ஆசைக்காக எழுதுகிறவர். அந்த வரியைக் காதரின் மேசையிலேயே எழுதினார். ஆனால் கொடுக்கக் கை வரவில்லை.

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும்” என்றார் காதர்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு பஸ் ஏறினார். கிள்ளானிலிருந்து மேருவுக்கு இன்னொரு பஸ்.

எல்லாம் ஒரு வாக்கியத்தால் வந்தது. தொழிற்சாலைகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில், மேருவின் கையுறைத் தொழிற்சாலை செலாயாங்கின் டயர் தொழிற்சாலையிடம் ஒரு கோலில் தோற்றது. “கோல்கீப்பர் விஜயன் பந்தைத் தடுக்கவில்லை, வழிவிட்டார்” என்று தியாகராஜன் எழுதினார். பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தகத்தில் அந்த வரியை ஒருவர் உரக்கப் படித்துக்காட்டினார். அன்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விஜயனைக் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்கு எடுத்ததே கோல்கீப்பர் என்பதற்காகத்தான். மறுவாரம் அவனைக் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை நிர்வாகம் கூடுகிறது. ஞாயிறு பதிப்பில் தியாகராஜனின் பதிலைப் பார்த்துவிட்டு, வேலையிலிருந்தும் நீக்குவதா என்று முடிவு செய்யப்போகிறது.

மேரு வீட்டில் கதவைத் திறந்தவள் விஜயனின் மனைவி சீதாலெட்சுமி. பெயரைச் சொன்னதும் பாதிக் கதவைச் சாத்தினாள்.

“எழுதுற அங்கிள் நீங்கதானா? பாக்க நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கீங்க.”

“உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்மா.”

“எதுக்கு? இன்னும் ரெண்டு வரி மிச்சம் இருக்கா?”

“உள்ள விடு லா” என்று விஜயனின் குரல் வந்தது.

உயரமானவன். நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். தியாகராஜனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

சீதாலெட்சுமி விடவில்லை. “அந்த கோலை அடிச்சதே என் தம்பிதான் அங்கிள். டயர் பெக்டரியில டெம்பரரியா இருந்தான். கப்பை ஜெயிச்சா பெர்மனன்ட்னாங்க, ஜெயிச்சதும் பண்ணிட்டாங்க. அந்தச் சந்தோஷத்தைக்கூட எங்களைக் கொண்டாட விடல நீங்க. மாமா முழுசா பாஞ்சாரு, எட்டலன்னு அவனே வந்து சொல்றான். அடிச்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?”



“சீதா, அண்ணனுக்குக் கோப்பி போடு” என்றான் விஜயன்.

“எதுக்குக் கோப்பி? மைலோவே கலக்குறேன். குடிச்சிட்டு இன்னும் தெம்பா எழுதட்டும்.”

அவள் சமையலறைக்குப் போனாள். தியாகராஜன் சட்டைப்பையில் கை வைத்தார். விஜயன் முந்திக்கொண்டான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எந்தப் பக்கம் நின்னீங்க?”

நாலு வாரமாகக் கடிதங்களில் வந்த அதே கேள்வி. இவன் கோபமாகக் கேட்கவில்லை.

தியாகராஜன் தாளை நீட்டினார். ஒரே வரி. விஜயன் அதை இரண்டு முறை படித்தான்.

“பத்தடியா?” என்றான். நெற்றி வியர்த்திருந்தது.

“அது பொய், தம்பி.”

விஜயன் நிமிர்ந்தான்.

“அன்னிக்கு எங்க பக்கம் ஒரே மழை. நான் வீட்டை விட்டே கிளம்பல. சினேகிதர் ஒருத்தர் போன் பண்ணி ஸ்கோரைச் சொன்னாரு. எத்தனாவது நிமிஷம், கீப்பர் யாரு, அவ்வளவுதான். வெறும் ஸ்கோரை யாரு படிப்பான்னு நானா ஒரு வரி சேத்தேன். படிக்க நல்லா இருந்துச்சு. அது ஒரு ஆளோட பேருன்னு எனக்குத் தோணவே இல்ல.”

சமையலறையில் கரண்டி கோப்பையில் சுற்றும் சத்தம் கேட்டது.

“உங்க மூஞ்சியையே நான் இப்பத்தான் பாக்கிறேன் தம்பி. நாலு வாரமா ராத்திரி சோறு இறங்கல. நாளைக்குக் காதர்கிட்ட வேற பதில் கொடுத்துடறேன். நான் போகல, பாக்கல, எழுதினது கற்பனைன்னு. அதுக்கப்புறம் என்னை எழுத விடமாட்டாங்க. போகட்டும். உங்க வேலை தப்பிச்சிடும்.”

தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

“மன்னிச்சிடுங்க.”

 விஜயன் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். தியாகராஜனின் பக்கத்தில் குனிந்தான்.

“அப்போ... நான் கையை இழுத்துக்கிட்டத யாருமே பாக்கலையா அண்ணே?”